சூளைக்குள் நிறுத்திய கரி

நார்த்தாமலையின் பழமையை எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் கல்லிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில், கீரனூருக்கு முன்பாக எழும் அந்தக் குன்றுகளில் கல்வெட்டு பேசும் அளவுக்கு வேறெதுவும் பேசுவதில்லை. பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி ஒரு குடைவரையைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கையின் பெயரும் அதன் கல்வெட்டில் இருக்கிறது. மேலமலையில் நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தைக் கட்டியவன் சாத்தன் பூதி. மழையில் சிதைந்த அதைப் புதுப்பித்தவன் மல்லன் விடுமன். ஊரார் சமணர் குடகு என்று சொல்லும் பெரிய குடைவரை பின்னாளில் பதினெண்பூமி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலானது. சோழர் காலத்தில் நகரத்தார் என்ற வணிகர் அவை இந்த ஊரை நிர்வகித்தது. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரால் இது தெலுங்குகுலகாலபுரம் என்று வழங்கியது. கொடுத்தவர், கட்டியவர், பழுது பார்த்தவர், வரி தண்டியவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. மண்ணையும் நெருப்பையும் வைத்து வேலை செய்தவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்களைப் பற்றி அரசு எழுதி வைத்ததெல்லாம் அவர்கள் கட்ட வேண்டிய தொகைதான்: பல்லவர் செப்பேடுகளில் குயவர் மீதான வரி குசக்காணம் என்று வருகிறது. அந்தக் குயவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று எந்தச் செப்பேடும் எழுதவில்லை. அது அவர் சுட்ட ஓட்டில் மட்டும் பதிவாகியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் அந்த ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை.

குன்றுகளுக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில் சித்தன்னவாசலும் அன்னவாசலும் இருக்கின்றன. ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் கடந்து போகும் மேட்டு நிலங்களில் கல்வட்டங்களும் கல்லறைகளும் தாழிக் காடுகளும் பரவிக் கிடக்கின்றன. சமணர் வருவதற்கும், முத்தரையர் பாறை குடைவதற்கும், வணிகர் அவை கூடுவதற்கும் பல நூற்றாண்டு முன்பே இங்கே வாழ்ந்து இறந்தவர்களின் ஈமக்குழிகள் இவை. அவற்றில் இறந்தவரோடு வைத்த கலங்களில் மிகப் பரவலானது கறுப்பு-சிவப்புப் பானை. உட்புறமும் வாய்விளிம்பும் கன்னங்கரேல் என்றிருக்கும். வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி செக்கச் சிவந்திருக்கும். ஆதிச்சநல்லூர் முதல் கொடுமணல் வரை, கர்நாடகத்தின் பிரம்மகிரி முதல் கீழடி வரை இதே கலம் கிடைக்கிறது. தொல்லியலாளர்கள் இதைக் காலம் குறிக்கவும், ஒரு பண்பாட்டின் பரப்பைக் காட்டவும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பயனுள்ள வேலைதான். ஆனால் அப்படிப் பார்க்கும்போது பானை ஓர் அடையாளச் சீட்டாகிவிடுகிறது. அந்தக் கறுப்பு எப்படி வந்தது, ஏன் இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் போகவில்லை என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

கறுப்பு வந்த வழியைப் பொதுவாக இப்படி விளக்குகிறார்கள். களிமண்ணில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைக்கும் நெருப்பில் அது சிவக்கும். காற்று கிடைக்காத நெருப்பில் கறுக்கும். பானையைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலோ இலையோ உமியோ திணித்துச் சுட்டால், வெளிப்புறத்துக்குக் காற்று கிடைக்கிறது, உட்புறத்துக்குக் கிடைக்காது. உள்ளே மூச்சுத் திணறும் நெருப்பிலிருந்து எழும் கரிப்புகை, மண்ணின் நுண்துளைகளில் இறங்கித் தங்கிவிடுகிறது. ஒரே சூட்டில் இரண்டு நிறம். இரண்டு தடவை சுட்டிருக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. கறுப்புப் பளபளக்கும் கலங்களில் சுடுமுன் ஏதோ பூச்சு ஏறியிருக்கிறது என்பாரும் உண்டு. எந்த வழியானாலும் ஒரு நிபந்தனை மாறாது. சூடு உச்சத்தில் இருக்கும்போது உள்ளே காற்று புகுந்துவிட்டால், படிந்த கரி எரிந்து போகும், கறுப்பும் போகும். நேரத்துக்கு முன் சூளையைத் திறந்தால் பானை வெளிறும். சூடு ஏறாமல் விட்டால் மண் வேகாது, ஒரு மழைக்கே கரையும். ஆகவே அந்தக் குயவர் கையில் இருந்தது மூன்று கட்டுப்பாடு: எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று, எப்போது திறப்பது. வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தையும் புகையின் அடர்த்தியையும் கண்ணால் அளந்து இதைச் செய்தார்கள்.

புகையைப் பற்றிச் சங்கப் பாடலில் ஒரு சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 228ஆம் பாட்டு, கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவ்வளவு பெரிய மன்னனுக்குத் தாழி வனைய உன்னால் ஆகுமா என்று குயவரைப் பார்த்துப் புலவர் இரங்குகிறார். அந்தக் குயவரின் சூளையைக் காட்டும்போது, இருள் செறிந்தது போன்ற தடித்த புகை திரண்டு வானத்தில் ஊன்றி நிற்பதாகச் சொல்கிறார். உரைகாரர்கள் இதைத் துயரத்துக்கு ஏற்ற காட்சியாகப் படித்திருக்கிறார்கள், அது சரிதான். கூடவே, அது ஒரு தொழிலை நேரில் கண்டவரின் துல்லியமான வரி என்றும் எனக்குத் தோன்றுகிறது. நன்றாக எரியும் நெருப்பில் புகை குறைவு. காற்றை அடைத்து எரிக்கும் சூளையில்தான் புகை அப்படித் திரளும். பச்சை விறகு வைத்த எந்தச் சூளையும் புகையத்தானே செய்யும் என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானது; இந்த ஒரு வரியை வைத்துச் சுடும் முறையை நிரூபிக்க முடியாது. ஆனால் இறந்தவருக்கான தாழியும் அடர்ந்த கரும்புகையும் குயவர் தொழிலில் சேர்ந்தே இருந்தன என்பதற்கு இது போதும்.

2020ஆம் ஆண்டு இந்தக் கறுப்பு திடீரென்று உலகச் செய்தியானது. வேலூர் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாடு தொல்லியல் துறையினரோடு சேர்ந்து, கீழடியில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சை ஆராய்ந்தார்கள். நவம்பர் மாதம் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் முடிவு வெளியானது. இராமன் நிறமாலை, எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை, ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி ஆகிய மூன்றாலும் பார்த்ததில், பூச்சுக்குள் மிக நுண்ணிய கரிக்குழாய்களான ஒற்றைச் சுவர், பலசுவர் கார்பன் நானோகுழாய்களும் அடுக்குத் தகடுகளும் இருப்பதாக எழுதினார்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். சில்லுகளின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. கலத்தின் மேல் ஏதோ தாவரச் சாறு பூசப்பட்டு, உயர்ந்த சூட்டில் அது கரியானபோது குழாய்கள் உருவாகியிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அதுவரை மனிதர் செய்த பொருள்களில் மிகப் பழைய நானோகுழாய்க்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது டமாஸ்கஸ் வாள். டிரெஸ்டன் நகரத்துப் பாஃப்ளரின் குழு 2006இல் நேச்சர் இதழில் அதை எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வகை வாள்களுக்குப் பேர்போன எஃகும் தென்னிந்தியாவிலிருந்து போனதுதான். செய்தி வந்த சில நாட்களில் தமிழ் ஊடகங்களும் மேடைகளும் பழந்தமிழர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்று பேசத் தொடங்கின. இந்தக் கட்டுரையின் கருத்து அதற்கு நேர் எதிரானதும் அன்று, அதை ஏளனம் செய்வதும் அன்று. குயவரின் பெருமையை நாம் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பதே என் வாதம். நுண்ணோக்கி எதைக் கண்டது என்பதைவிட, கை எதை ஆண்டது என்பதே ஒரு தொழிலின் வரலாறு.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்ப்போம். கார்பன் நானோகுழாய் கரிப்புகை எழும் இடத்திலெல்லாம் சிறிதளவு உண்டாகக்கூடியது. சமையல் எரிவாயு அடுப்பின் புகைக்கரியில் அதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்கிவெல், மர் இருவரும் கிரீன்லாந்தில் பத்தாயிரம் ஆண்டுப் பழைய பனிக்கட்டியை உருக்கி, அதற்குள் அடைபட்ட தூசியில் நானோகுழாய்கள் இருந்ததை 2004இல் எழுதினார்கள். அங்கே குயவரும் இல்லை, சூளையும் இல்லை. எங்கோ எரிந்த காட்டின் புகையாக இருக்கலாம். அப்படியிருக்க, கீழடிப் பானையில் குழாய் இருப்பது குயவரைப் பற்றி என்ன சொல்கிறது? இதோடு நின்றுவிடாமல் இன்னொரு ஐயத்தையும் எழுப்பலாம். ஆய்வகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் 1 முதல் 2 நானோமீட்டர், 0.6 என்பது குழாயாக நிலைக்கக்கூடிய சிறுமையின் எல்லைக்கு அருகில். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மண்ணில் கிடந்த பொருளில் இவ்வளவு மெல்லிய குழாய் என்றால், வேறு ஆய்வகம் வேறு சில்லுகளில் மறுபடி காட்டும்வரை காத்திருப்பதே முறை. பூச்சு நிலைத்திருப்பதற்குக் குழாய்களின் வலுவே காரணம் என்ற ஊகத்துக்கும் இதே பதில்தான். குழாய் இல்லாத சாதாரணக் கரியும் மண்ணில் எளிதில் அழிவதில்லை. அதனால்தான் கரித்துண்டைக் கொண்டு காலம் கணிக்க முடிகிறது.

இந்த எதிர்வாதத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். ஏற்ற பிறகும் குயவரின் பெருமையில் ஒரு குன்றிமணி எடை குறையவில்லை, ஏனென்றால் அது குழாயில் இருந்ததே இல்லை. நானோகுழாயின் சொந்த வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள கார்பன் இழைகளின் மின்னணு நுண்ணோக்கிப் படங்களை 1952இலேயே சோவியத் நாட்டின் ரதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் வெளியிட்டார்கள். 1976இல் ஓபர்லின், எண்டோ, கோயாமா மூவரும் மறுபடி காட்டினார்கள். ஆனாலும் இந்தத் துறையின் தொடக்கமாக உலகம் குறிப்பது ஜப்பானின் சுமியோ இஜிமா 1991இல் எழுதிய கட்டுரையைத்தான். முதலில் கண்டவர் யார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவு: 1991க்குப் பிறகுதான் இந்தக் குழாயின் கட்டமைப்பைப் புரிந்து, வேண்டும்போது வேண்டிய அளவில் உண்டாக்கும் முயற்சி உலகம் முழுவதும் பரவியது. தற்செயலாக ஒன்று உண்டாவதும், நினைத்தால் நினைத்தபடி உண்டாக்குவதும் வேறு வேறு. இருபதாம் நூற்றாண்டுக்கு நாம் வைக்கும் இந்த அளவுகோலையே பழைய குயவருக்கும் வைப்பதுதான் மரியாதை. அப்படி வைத்தால், நானோகுழாய் அவருடைய படைப்பு ஆகாது. உட்புறக் கறுப்பு அவருடைய படைப்பு, ஐயமே வேண்டாம்.

உடனே மறுபக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும். கறுப்பும் தற்செயல்தானே, பானையைக் கவிழ்த்து அடுக்குவது சூளையில் இடத்தை மிச்சப்படுத்தும் வழக்கம், அதனால் தானாக உள்ளே கறுத்தது, மக்கள் அதைப் பழகிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். தொடக்கம் அப்படி இருந்திருக்கலாம். பல தொழில்களின் தொடக்கம் அப்படித்தான். ஆனால் ஒரு தற்செயல் பல நூற்றாண்டு நீடிக்காது. வைகைக் கரையின் வண்டலிலும், புதுக்கோட்டைப் பாறை கரைந்த மண்ணிலும், காவிரிப் படுகையிலும், தக்காணத்துக் கரிசலிலும் ஒரே விளைவைத் தராது. ஒவ்வொரு மண்ணிலும் இரும்பின் அளவு வேறு, சுருக்கம் வேறு, வேகும் சூடு வேறு. இத்தனை மண்ணிலும் ஒரே இரட்டை நிறத்தை, கோடு பிடித்தாற்போல் விளிம்புக்குக் கீழே நிறம் மாறும் அளவுக்கு ஒழுங்காக எடுத்திருக்கிறார்கள் என்றால், ஒவ்வோர் ஊரிலும் யாரோ அந்த ஊர் மண்ணுக்கும் விறகுக்கும் ஏற்றபடி முறையைத் திருத்தியிருக்க வேண்டும். கெட்டுப்போன சூளைகளிலிருந்து கற்ற பாடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியிருக்க வேண்டும். இறந்தவரோடு வைக்கும் கலத்துக்கே இந்த நிறம் விரும்பிக் கேட்கப்பட்டது என்பதும் சேர்ந்தால், இதைத் தற்செயல் என்று சொல்ல இடமில்லை.

கரியை அளந்து ஆண்ட கைகளுக்கு இன்னும் தெளிவான சான்று எஃகுத் தொழிலில் இருக்கிறது. கொடுமணல் அகழாய்வில் உலைகளும், உலோகம் உருக்கும் மண்கலங்களான மூசைகளும் கிடைத்தன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவலூரில் மூசை எஃகு உருக்கிய இடத்தைச் சாரதா சீனிவாசன் 1990களில் அடையாளம் கண்டு எழுதினார். புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையைச் சுற்றிய செம்பாறாங்கல் நிலத்திலும் இரும்பு உருக்கிய தடயங்கள் உண்டு. அந்தக் கோட்டையைத் தொல்லியல் துறை 2023இல் அகழத் தொடங்கியது. எஃகு செய்யும் முறையை எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத். அவர் எழுதியபடி, சேலம் பக்கத்து உலைக்காரர்கள் மூசைக்குள் இரும்புத் துண்டோடு ஆவாரை விறகை நறுக்கிப் போட்டு, எருக்கு போன்ற பச்சிலையால் மூடி, மண்ணால் வாயடைத்துச் சூடேற்றினார்கள். விறகின் கரி இரும்புக்குள் இறங்கி எஃகாகும். கொஞ்சம் குறைந்தால் வாள் வளையும். கொஞ்சம் மிகுந்தால் உடையும். ஆக, இங்கே கரியின் அளவு உயிர்நாடி. இதைவிட எனக்கு வியப்பூட்டுவது மூசையின் மண்தான். மண்ணோடு உமியைக் கலந்து மூசை வனைந்தார்கள். மூடிய சூட்டில் உமி சாம்பலாகாமல் கரியாகி, மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தச் சுவர் இரும்பு உருகும் சூட்டையும் தாங்கி நின்றது. தக்காணத்து மூசைகளை வெட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கரியுமியைக் கண்டிருக்கிறார்கள். ஒரு பொருளின் குறையை ஈடுகட்ட அதன் உடம்புக்குள் கரியைப் பரப்பி வைப்பது, இன்றைய சொல்லில் கலப்புப்பொருள். இது தற்செயலாக நேர்ந்ததில்லை. உமியைக் கையால் எடுத்து, இவ்வளவு என்று அளந்து மண்ணில் பிசைந்திருக்கிறார்கள்.

இன்றைய ஆய்வகங்களில் நடக்கும் ஒரு வேலையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தும், ஏனென்றால் அதிலும் கரியைக் கலக்கும் பக்குவமே உயிர்நாடி. உடம்பில் ஒட்டிக்கொள்ளும் உணரிகள் செய்வதற்குச் சிலிகோன் ரப்பரில் கார்பன் நானோகுழாயைக் கலக்கிறார்கள். சிலிகோன் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் கரித்தூளைக் கலந்தால், தூள் குறைவாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஓர் அளவைத் தாண்டியதும், ஆற்றில் கால் வைத்துத் தாண்ட இட்ட கற்கள் கரையிலிருந்து கரைக்கு எட்டிவிட்டதைப் போல, மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடும். உருண்டையான கரித்தூள் என்றால் அந்த அளவை எட்டப் பல சமயம் பத்து விழுக்காட்டுக்கு மேலும் கலக்க வேண்டியிருக்கும், ரப்பர் விறைத்துப்போகும். நீண்ட நானோகுழாய் என்றால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே பெரும்பாலும் போதும். ரப்பரின் மென்மை கெடாது. அதை இழுத்தால் குழாய்களுக்கு இடையே உள்ள தொடுப்புகள் விலகும், மின்தடை ஏறும், விட்டால் இறங்கும். தடையை அளந்தால் எவ்வளவு இழுபட்டது என்று தெரியும். 2011இல் ஜப்பானின் தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் யமாடா, ஹாட்டா குழுவினர் குழாய்ப் படலத்தைச் சிலிகோன் மீது வைத்து, 280 விழுக்காடு நீட்சி வரை அளக்கும் உணரியைச் செய்து, கட்டுத்துணியிலும் கையுறையிலும் பொருத்திக் காட்டினார்கள். முழங்கால் மடிவதையும் விரல் அசைவதையும் மூச்சு ஏறி இறங்குவதையும் அது சொன்னது. இத்துறையில் உண்மையான சிக்கல் குழாயை வாங்குவதில் இல்லை. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையவை. அவற்றைப் பிரித்துச் சிலிகோன் முழுவதும் சீராகப் பரப்ப வேண்டும். ஒலியலையால் அதிகம் அடித்தால் குழாய் முறியும். குறைவாக அடித்தால் கட்டி நிற்கும். உணரியின் தரம் அந்தக் கலக்கும் பக்குவத்தில் இருக்கிறது.

இந்த ஒப்புமையைக் கொண்டு குயவரிலிருந்து உணரிக்கு ஒரு வம்சாவளி வரைய நான் முயலவில்லை. அப்படி ஒன்று கிடையாது. கறுப்பு-சிவப்புப் பானையின் செய்முறை வழக்கொழிந்து போனது. சிலிகோன் இருபதாம் நூற்றாண்டின் வேதியியலில் பிறந்து, 1940களில் வணிகத்துக்கு வந்தது. களிமண்ணின் உடம்பிலும் சிலிகோனின் முதுகெலும்பிலும் சிலிக்கனும் ஆக்சிஜனுமே மாறி மாறி நிற்கின்றன என்பது உண்மை. அதை உறவுமுறையாகக் காட்டுவது விளையாட்டாகவே முடியும். ஒப்புமையின் பயன் வேறு. இன்றைய ஆய்வாளரை நாம் மதிப்பது அவர் கலவையில் நானோகுழாய் இருக்கிறது என்பதற்காக அல்ல. அதை வாங்கி யாரும் கொட்டலாம். சீராகப் பரப்பி, ஒவ்வொரு முறையும் ஒரே விளைவை எடுப்பதற்காகவே மதிக்கிறோம். பழைய தொழிலாளரிடம் போகும்போது மட்டும் இந்த அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு, குழாய் இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்கிறோம். அதில் உயர்வு நவிற்சியும் உண்டு, உள்ளூர ஓர் அலட்சியமும் உண்டு. அந்தக் கைவேலை தன் அளவிலேயே போற்றத்தக்கது என்று நமக்கு நம்பிக்கை இல்லாததால்தான், நவீன ஆய்வகத்தின் சான்றிதழை அதன் மேல் ஒட்டப் பார்க்கிறோம்.

அறியாமல் செய்ததை அறிவு என்று எப்படிச் சொல்வது என்ற ஆட்சேபமும் இருக்கிறது. இதை எழுப்புவோர் பெரும்பாலும் அறிவியல் படித்தவர்கள். ஆக்சிஜன் என்ற பெயரே தெரியாதவர் காற்றை ஆண்டார் என்பது சரியான பேச்சா? மைக்கேல் ஃபாரடே 1819இல் வூட்ஸ் எனப்படும் இந்திய மூசை எஃகைப் பகுத்தாய்ந்தார். ஸ்டோடார்ட் என்ற கத்திக் கொல்லரோடு சேர்ந்து அதேபோல் ஒன்றை உண்டாக்கவும் முயன்றார். அவ்வளவு பெரிய ஆய்வாளருக்கும் அதன் மேன்மைக்குக் காரணம் பிடிபடவில்லை; அலுமினியமே காரணம் என்று கருதினார். விளக்கம் தவறானது. சேலத்து உலைக்காரருக்கு விளக்கமே கிடையாது. ஆனால் எஃகு வந்தது. விளக்கம் தெரிவது பெரிது, மறுக்கவில்லை. விளக்கம் இருந்தால்தான் தொழிலை வேறோர் இடத்துக்கு, வேறொரு பொருளுக்குக் கொண்டு போக முடியும். அது இல்லாததால்தான் குயவரின் கறுப்பும் உலைக்காரரின் எஃகும், கைமாறுவது நின்றதும் அப்படியே அழிந்தன. ஆனால் செயலைத் திரும்பத் திரும்பச் சரியாகச் செய்யும் அறிவு விளக்கத்துக்கு முந்தியது. அதன் வரலாற்றை எழுத, அது விட்டுச்சென்ற பொருளிலிருந்து செய்முறையை மீட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் புதுக்கோட்டைக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் பரமசிவன் 1930களில் சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய்ந்தார். வண்ணங்கள் எவை, கறுப்பு எதிலிருந்து வந்தது என்று பார்த்ததோடு அவர் நிற்கவில்லை; சுண்ணப்பூச்சு ஈரமாக இருக்கும்போது வரைந்தார்களா, காய்ந்த பிறகா, வண்ணத்தைப் பிடித்து வைத்தது எது என்று கேட்டார். அதாவது ஓவியரின் கை எந்த வரிசையில் வேலை செய்தது என்று கேட்டார். அதே ஊரின் ஈமக்குழிப் பானைகளிடம் இதே கேள்வியைக் கேட்கலாம். கீழடி நார்த்தாமலையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அங்கே கிடைத்த விடையை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது என்று மறுப்பவர்கள் சொல்வது சரி. வைகை வண்டல் வேறு, கருங்கற்பாறை கரைந்து வந்த இந்த மண் வேறு. நானோகுழாய் வளர இரும்பு போன்ற உலோகத் துகள் ஊக்கியாக வேண்டும் என்பதால், மண் மாறினால் விளைவும் மாறக்கூடும். அதனால்தான் நார்த்தாமலைச் சுற்றுவட்டாரத்துச் சில்லுகளைத் தனியாக ஆராய்வதற்கு மதிப்பு அதிகம்: இரண்டு மண்ணில் ஒரே கறுப்பு எப்படி எடுத்தார்கள் என்று ஒப்பிட்டால், ஒவ்வொரு மண்ணுக்கும் குயவர் எதை மாற்றினார் என்பது தெரியவரும்.

ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதும் இந்த வாதத்திலிருந்தே பிறக்கிறது. சில்லைக் கழுவி, பசை தடவி, எண் போட்டு அலமாரியில் வைத்த பிறகு அதில் கரியைத் தேடுவது வீண். பசையும் கைப்படிவும் கரியாகவே காட்டும். எனவே அகழும்போதே சில சில்லுகளைக் கழுவாமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டும். அந்த மண்ணிலும் குழாய் தென்பட்டால், பானையில் தென்பட்டதற்குப் பெரிதாகப் பொருள் இல்லை. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள எல்லையைக் குறுக்கே வெட்டி, கரி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால், சுட்ட சூடும் காற்றை அடைத்த நேரமும் ஓரளவு வெளிப்படும். கீழடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில் கிராஃபைட் வெட்டி எடுக்கப்படுகிறது. ஆகவே பூச்சில் கண்ட அடுக்குத் தகடுகள் புகையிலிருந்து வந்தவையா, தேய்த்த கனிமத்திலிருந்து வந்தவையா என்பதையும் பிரித்தறிய வேண்டும். கருவிகளுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது. இன்னொரு தேவையும் உண்டு, பலரும் மறப்பது அதைத்தான்: ஒப்பிட்டுப் பார்க்க, இதே மண்ணில், இதே விறகில், காற்றை வெவ்வேறு அளவில் அடைத்துச் சுட்ட புதிய பானைகள். புரவியெடுப்பு விழாவுக்கு மண்குதிரை செய்து தரும் வேளார் குடும்பத்தினர் இந்த மாவட்டத்தில் இன்னும் சூளை போடுகிறார்கள். எந்தக் குளத்து மண் எந்தச் சூட்டில் வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பானைகளைச் சுடுபவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர்களின் பெயரோடு அச்சாக வேண்டும்.